ஓட ஓடச் சரியாயிரும்னு சொன்னீங்களே

இதை எழுத வேண்டாம் என்றுதான் வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். "ஊருக்குள்ள இருந்துக்கிட்டு மெக்கானிக்கைப் பகைச்சுக்கிட்டா, நாளைக்கு வண்டி நின்னா எவன் வந்து அடியில படுப்பான்?" என்று கேட்டார் மாமனார். கேள்வி நியாயமானதுதான். ஆனால் எனக்கு இப்போது வண்டியே இல்லை மாமா. எவன் படுத்தால் என்ன, படுக்காவிட்டால் என்ன?

பேரைச் சொல்லப் போவதில்லை. பட்டறை எந்தத் தெருவில் இருக்கிறது என்றும் சொல்லப் போவதில்லை. படித்தால் அவருக்கே தெரியும். அண்ணே, உங்களைத்தான் சொல்கிறேன். எங்கப்பா காலத்திலிருந்து எங்கள் வண்டிக்குக் கை வைத்தவர் நீங்கள். அப்பா செத்தபோது பாடைக்குத் தோள் கொடுத்தவர். அதனால்தான் இன்னும் வாயில் 'அண்ணே' வருகிறது. அது வருவதுதான் எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

எங்கள் பிழைப்பு தெரியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. தேவாரத்தில் நின்று நிமிர்ந்து பார்த்தால் மலை. மலைக்கு அந்தப் பக்கம் ஏலத்தோட்டம். ஊருக்கு நேர் மேலே சாக்குலூத்து மெட்டு. அந்த வழியாக ஒரு ரோடு போட்டுத் தாருங்கள் என்று எங்கப்பா தலைமுறையும் கேட்டது, நாங்களும் கேட்கிறோம். ரோடு வரவில்லை. அதனால் கண்ணுக்கு முன்னால் நிற்கிற மலைக்குப் போக ராசிங்காபுரம், சிலமலை, போடி என்று சுற்றி, முந்தலில் மலையடிவாரம் பிடித்து, 17 கொண்டை ஊசி வளைவு ஏறி, போடிமெட்டு தாண்டிப் பூப்பாறைக்கோ சாந்தன்பாறைக்கோ போக வேண்டும். 1956-இல் மாநிலம் பிரித்தபோது மலைக்கு அந்தப் பக்கத்துத் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றுவிட்டன. காய் எடுக்கிற கை மட்டும் இன்றைக்கும் இங்கிருந்துதான் போகிறது. விடியுமுன்னே தூக்குவாளியும் பிளாஸ்டிக் கொங்காணியுமாகத் தெருமுனையில் நிற்கிற பொம்பளையாட்களை ஏற்றிக்கொண்டு ஏறுவதும், சாயங்காலம் அவர்களை வீட்டு வாசலில் இறக்கிவிடுவதும்தான் என் வேலை. அவர்கள் நம்பி ஏறுவது என்னை. நான் நம்பி ஏற்றுவது வண்டியை. வண்டியை நம்பியது உங்களை வைத்துத்தானே அண்ணே?

பின் ஆக்சில் ஹவுசிங்குக்குள் இருந்து சக்கரத்தைச் சுற்றவைக்கிற பல்சக்கர ஜோடிதான் கிரவுன் பினியன். பழையது தேய்ந்துபோயிற்று. அப்பா வாங்கிய ஜீப், எத்தனை மழைக்காலம் ஏறி இறங்கியது! தேயாமல் என்ன செய்யும்? சீசன் தொடங்கும் முன்னால் மாற்றிவிடுவோம் என்று நான்தான் வந்தேன். "செட்டு புதுசாப் போட்ருவோம், பேரிங்கும் மாத்திருவோம், இன்னும் பத்து வருசத்துக்குத் திரும்பிப் பார்க்க வேண்டியதில்ல" என்றீர்கள். மனைவியின் செயின் கடைக்குப் போனது. நீங்கள் கேட்ட தொகையைக் குறைத்துப் பேசவில்லை. அப்பா உங்களிடம் பேரம் பேசி நான் பார்த்ததில்லை.

பட்டறை வாசலைத் தாண்டவில்லை, கத்த ஆரம்பித்தது. வண்டியில் நான் ஒருத்தன்தான். ஒரு மூட்டைகூட இல்லை. ஆக்சிலேட்டரை மிதித்தால் பின்னாலிருந்து ஊய்ய்ய் என்று ஓர் ஊளை. காலை எடுத்தால் நின்றுவிடும். மறுபடி மிதித்தால் மறுபடி ஊளை. அப்படியே திருப்பிக்கொண்டு வந்தேன். நீங்கள் கையைக்கூடத் துடைக்கவில்லை. வேறு ஒரு வண்டிக்கு அடியில் இருந்தபடியே சொன்னீர்கள்: "புதுப் பல்லு, அப்படித்தான் கத்தும். ஓட ஓடச் சரியாயிரும் தம்பி."

எந்த நேரத்தில் கத்துகிறது என்று ஒரு வார்த்தை கேட்டீர்களா? மிதிக்கும்போதா, காலை எடுக்கும்போதா, நேராகப் போகும்போதா, திரும்பும்போதா? கூட ஏறி உட்கார்ந்து ஒரு ஃபர்லாங் வந்து பார்த்தீர்களா?

நான் பார்த்தேன். படித்தவனில்லை, ஆனால் ஸ்டியரிங் பிடித்தவனுக்குக் காதும் காலும் உண்டு. டயர் சத்தமாக இருக்குமோ என்று நல்ல தார் ரோட்டிலும் மண்பாதையிலும் ஓட்டினேன். ரோடு மாறினாலும் ஊளை மாறவில்லை. அதே வேகத்தில் நியூட்ரலில் உருட்டினேன், நின்றுவிட்டது. வீல் பேரிங்காக இருந்தால் நிற்குமா? வண்டியை வளைத்து ஓட்டினேன். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஸ்டார் பினியன் போயிருந்தால் திருப்பத்தில் அல்லவா அடிக்கும்? ஜாயிண்ட் கிராஸ் ஆடினால் வண்டியை எடுக்கும்போது 'டொக்' என்று ஓர் அடி விழும், அதுவும் இல்லை. எஞ்சின் இழுக்கும்போது மட்டும்தான் அது கத்தியது. அப்படியென்றால் பல் பல்லோடு சேர்கிற இடத்தில்தான் கோளாறு. இதையெல்லாம் உங்களிடம் வந்து ஒன்று விடாமல் சொன்னேன். சிரித்தீர்கள். "நீ மெக்கானிக்கா, நான் மெக்கானிக்கா?" என்றீர்கள்.

நீங்கள்தான் மெக்கானிக் அண்ணே. அதனால்தான் கேட்கிறேன்.

பினியன் எவ்வளவு ஆழத்தில் உட்கார வேண்டும் என்பதை ஷிம் தகடு வைத்துத்தான் பிடிக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியாதா? கிரவுனுக்கும் பினியனுக்கும் நடுவில் விடுகிற பேக்லாஷ் பொதுவாக ஐந்திலிருந்து எட்டு தௌ. அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்து அதில் ஐந்து, எட்டு. இரண்டு மூன்று தலைமுடி கனம், அவ்வளவுதான். அதைக் கையால் ஆட்டிப் பார்த்துச் சொல்ல முடியுமா? டயல் கேஜ் உங்கள் பட்டறையில் இருக்கிறது, பெட்டியோடு அலமாரிக்கு மேலே, நான் பார்த்திருக்கிறேன். அதை எடுத்தீர்களா? பல்லில் மை தடவிச் சுற்றிப் பார்த்தால், தடம் பல்லின் நடுவில் விழுகிறதா, ஓரத்தில் விழுகிறதா, மேலே ஏறி விழுகிறதா என்று அதுவே காட்டிக் கொடுத்திருக்குமே. சின்ன வயதில் அப்பாவோடு வந்தபோது நீங்கள் அதைச் செய்ததை நான் பக்கத்தில் குத்தவைத்துப் பார்த்திருக்கிறேன். அன்றைக்குத் தெரிந்தது இன்றைக்கு எப்படி மறந்தது? மறந்ததா, நேரமில்லையா, இவன்தானே என்று நினைத்தீர்களா?

மூன்றாவது தடவை வந்தபோது வண்டியை வாங்கிக்கொண்டீர்கள். மறுநாள் திருப்பிக் கொடுத்தீர்கள். சத்தம் குறைந்திருந்தது. "ஆயில்தான் லேசா இருந்துச்சு, மாத்தியிருக்கேன்" என்றீர்கள். அதற்கும் காசு வாங்கினீர்கள். நான் கும்பிட்டுவிட்டு வந்தேன். அன்றைக்கு ராத்திரி வீட்டில், "சும்மாவா, கைராசிக்காரர்" என்று உங்களைப் பெருமையாகப் பேசினேன். இதை நினைக்கும்போதுதான் வயிறு எரிகிறது.

சீசன் வந்தது. காய் எடுப்பு தொடங்கினால் இங்கே ஒரு நாள் ஓய்வு கிடையாது. கொஞ்ச நாளில் ஊளை திரும்பி வந்தது, முன்னைவிடக் கரகரப்பாக. பின்சீட்டிலிருந்து வயசான அம்மா ஒருத்தி தினமும் கேட்பாள்: "ஏன்டா தம்பி, ஜீப்பு என்னடா இம்புட்டு அழுகுது?" என் தெருக்காரி, எனக்குச் சித்தி முறை. நான் நீங்கள் சொன்னதையே அவளிடம் சொன்னேன்: புதுப் பல்லு சித்தி, அப்படித்தான் கத்தும். உங்கள் வார்த்தையை என் வாயில் போட்டு என் சனத்தை ஏமாற்ற வைத்தீர்களே அண்ணே, அதை எந்தக் கணக்கில் எழுதுவது?

புலியூத்து தாண்டி ஒரு வளைவு. மழை தூறிக்கொண்டிருந்தது. இரண்டாவது கியரில் ஏறிக்கொண்டிருந்தேன். அடியில் சட்டியை உடைத்த மாதிரி ஒரு வெடிப்பு, பிறகு கரகரவென்று அரைபட்டது, பிறகு ஒன்றுமே இல்லை. எஞ்சின் மட்டும் கத்துகிறது, வண்டி நிற்கிறது. நின்ற வண்டி பின்னால் போகிறது. ஹேண்ட்பிரேக்கை இழுத்தேன். பிடிக்கவில்லை.

ஏன் பிடிக்கவில்லை என்று உங்களுக்குத் தெரியும். வாசிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். இந்தப் பழைய ஜீப்பில் ஹேண்ட்பிரேக் சக்கரத்தில் இல்லை. கியர்பாக்ஸுக்குப் பின்னால், ஷாஃப்ட் கிளம்புகிற இடத்தில் ஒரு டிரம்மைப் பிடிக்கும். ஷாஃப்டைப் பிடித்தால் பினியன் நிற்கும், பினியன் நின்றால் கிரவுன் நிற்கும், கிரவுன் நின்றால்தான் சக்கரம் நிற்கும். நடுவில் பல்லே இல்லையென்றால்? ஷாஃப்ட் ஆடாமல் நின்றது. சக்கரம் தன்பாட்டுக்கு உருண்டது. முன் ஆக்சிலுக்குப் போகிற ஷாஃப்டைக் கழற்றிப் பல வருசமாகிறது, தார் ரோட்டு வண்டியில் பலரும் செய்வதுதான். மிச்சமிருந்தது கால் பிரேக் ஒன்றுதான். இரண்டு காலையும் அதன் மேல் வைத்து நின்றேன், உட்காரவில்லை, நின்றேன். பாதி பிடித்தது. மறுபக்கம் பள்ளம். ஸ்டியரிங்கை மலைப்பக்கம் ஒடித்துப் பின்சக்கரத்தைத் தண்ணீர் ஓடுகிற கால்வாய்க்குள் இறக்கினேன். ஜீப் சாய்ந்து, பாறையில் இடித்து நின்றது.

கல்லை எடுத்துச் சக்கரத்துக்கு அண்டக்கொடுத்தது யார் தெரியுமா? உள்ளே இருந்த பொம்பளைகள்தான். சேறும் மழையுமாகக் குதித்து இறங்கி, "தம்பி காலை எடுக்காத, எடுக்காத" என்று கத்திக்கொண்டே கல் பொறுக்கிப் போட்டார்கள். ஜீப் ஏன் அழுகிறது என்று தினமும் கேட்ட அந்தச் சித்தி மட்டும் வண்டி உருளும்போதே பயந்து குதித்துவிட்டாள். கையை ஊன்றி விழுந்தாள். மணிக்கட்டு திரும்பிக்கொண்டது.

க.விலக்கு பெரியாஸ்பத்திரியில் மாவுக்கட்டு போட்டார்கள். எலும்பு சேர்ந்துவிட்டது. விரல் மடங்கவில்லை. ஏலக்காய் எப்படி எடுப்பார்கள் என்று தெரியுமா? காய் செடியின் தலையில் இருக்காது, தூருக்கடியில், தரையோடு படர்ந்த சரத்தில் இருக்கும். குனிந்து, இலையை ஒதுக்கி, விளைந்த காயாகப் பார்த்து ஒவ்வொன்றாகத் திருகி எடுக்க வேண்டும். பிஞ்சைத் தொடக்கூடாது, சரத்தை ஒடிக்கக்கூடாது. முழுக்க விரல் வேலை. விரல் மடங்காதவளுக்கு எந்தக் கங்காணி கூலி கொடுப்பான்? கேட்டால் அவள் என்னைத் திட்டுவதுகூட இல்லை. "நீ என்னடா பண்ணுவ" என்கிறாள். திட்டியிருந்தால் தேவலை.

போடியில் வேறொரு மெக்கானிக் ஹவுசிங்கைத் திறந்தார். வயசானவர், அதிகம் பேசாதவர். டிரெயின் பிளக்கைக் கழற்றினார், ஆயில் ஒழுகவில்லை. விரலை விட்டு இழுத்தார், களிம்பாக வந்தது. "கிரீஸைக் கலந்து விட்டிருக்கான்" என்றார். சத்தம் வெளியே கேட்காமல் இருக்க. நீங்கள் காசு வாங்கிக்கொண்டு செய்த வைத்தியம் அது. எங்கே வலிக்கிறது என்று கத்திய வண்டியின் வாயைக் கட்டி அனுப்பியிருக்கிறீர்கள்.

பிறகு கிரவுனைத் துடைத்து வெளிச்சத்தில் காட்டினார். பல்லின் ஒரு ஓரத்தில் மட்டும் தேய்ந்து நீலம் பாரித்திருந்தது. மீதிப் பல் புதுசாகவே இருந்தது. நடுவில் விழ வேண்டிய சுமை முழுவதும் ஒரு விளிம்பில் விழுந்திருக்கிறது. இந்த மாதிரி செட்டில் பினியனுக்கு 8 பல், கிரவுனுக்கு 43. எட்டையும் நாற்பத்து மூன்றையும் சேர்த்து வகுக்கிற எண் ஒன்றைத் தவிர வேறு கிடையாது; அதனால் ஒவ்வொரு பல்லும் முறை வைத்து எதிரில் உள்ள அத்தனை பல்லையும் தொட்டு வரும். சரியாக உட்கார்ந்தால் அது வரம், எல்லாப் பல்லும் ஒரே சீராகப் பழகும். தப்பாக உட்கார்ந்தால் ஒரு பல் பாக்கியில்லாமல் அத்தனையும் கெடும். கெட்டிருந்தது.

அதற்கும் மேல் ஒன்று. கிரவுனும் பினியனும் தயாராகும்போதே ஜோடியாக உரசிப் பழக்கி, இரண்டிலும் ஒரே எண்ணைப் போட்டு அனுப்புவார்கள். ஜோடி பிரித்தால் சேராது. அந்தப் பெரியவர் இரண்டையும் என் கையில் கொடுத்து, "படிச்சுப் பாருங்க தம்பி" என்றார். இதில் ஓர் எண். அதில் வேறோர் எண். இரண்டு பெட்டியிலிருந்து எடுத்த இரண்டு பாதிகளுக்கு நான் முழு செட்டின் விலை கொடுத்திருக்கிறேன். பினியன் பேரிங்? பழசு. குழி விழுந்த பழசு. கழுவி, துடைத்து, திரும்பப் போட்டிருக்கிறீர்கள். ஷிம்மும் பழைய செட்டின் ஷிம்தான். பினியன் மாறினால் ஆழம் மாறும், ஷிம் மாற வேண்டும் என்பது பட்டறையில் டீ வாங்கி வருகிற பையனுக்குக்கூடத் தெரியுமே!

ஜோடி மாறியது உங்களுக்குத் தெரியாமல் நடந்ததா? கடைக்காரன் உங்களை ஏமாற்றினானா, நீங்கள் இருவரும் சேர்ந்து என்னை ஏமாற்றினீர்களா? அப்படியே தெரியாமல் நடந்திருந்தாலும், முதல் நாளே வண்டி சொன்னதே! மூன்று தடவை நான் வந்து சொன்னேனே! கிரீஸை அள்ளிப் போடும்போது கை எப்படி வந்தது? அந்த வண்டியில் யார் ஏறுவார்கள் என்று தெரியாதவரா நீங்கள்? உங்கள் கொழுந்தியாளும் காய் எடுக்கப் போகிறவள்தானே?

கேட்டதற்கு நீங்கள் சொன்ன பதில் ஊருக்கே தெரியும்: "ஓவர்லோடு ஏத்துனான், பல்லு போச்சு." கேட்பவர்களும் தலையை ஆட்டுகிறார்கள். ஜீப் என்றாலே ஓவர்லோடுதானே என்கிறார்கள். சரி அண்ணே, லோடு ஏற்றினால் பல் உடையலாம். ஆனால் காலி வண்டி உங்கள் வாசலிலேயே ஏன் கத்தியது? லோடு ஏற்றினால் எண் மாறிவிடுமா? லோடு ஏற்றினால் புது பேரிங் பழசாகிவிடுமா? புதுப் பல்லைப் பழக்க வேண்டும், முதலில் கொஞ்ச தூரம் மெதுவாக ஓட்டி ஆறவிட வேண்டும், முதல் 800 கிலோமீட்டருக்குப் பாரம் ஏற்றக்கூடாது, பிறகு ஆயிலை மாற்ற வேண்டும் என்று போடிப் பெரியவர் எனக்கு விவரமாகச் சொன்னார். இத்தனை வருசப் பழக்கத்தில் நீங்கள் ஏன் இதில் ஒரு வார்த்தை சொல்லவில்லை? சாவியைக் கையில் கொடுக்கும்போது நாளைக்குக் காலையில் ஆள் ஏற்றப் போகிறான் என்று தெரிந்துதானே கொடுத்தீர்கள்?

நுகர்வோர் ஆணையத்துக்குப் போ என்கிறார்கள் படித்த பிள்ளைகள். பில் கேட்காமலா இருந்தேன்? "நமக்குள்ள என்ன பில்லு" என்றீர்கள். சிகரெட் அட்டையின் பின்பக்கத்தில் தொகையை எழுதிக் கொடுத்தீர்கள், பேர் இல்லை, தேதி இல்லை. 2019-ஆம் வருசத்துச் சட்டத்தில், பில் தராமல் இருப்பதே முறையற்ற வணிகம் என்று போட்டிருக்கிறதாம். வாசித்துக் காட்டினார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. தேனிக்கு நடையாய் நடக்க எனக்கு யார் நாள்கூலி கொடுப்பார்கள்? ஜீப் இரும்பு விலைக்குப் போய்விட்டது. செயின் ஏலத்துக்குப் போய்விட்டது. என்னோடு வந்துகொண்டிருந்த பொம்பளைகள் வேறு ஜீப்புக்கு மாறிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. இப்போது அந்த ஜீப்பில்தான் என் மனைவியும் தூக்குவாளியோடு போகிறாள். ஓட்டினவன் பெண்டாட்டி கடைசி சீட்டில் ஒடுங்கி உட்கார்ந்து போகிறாள்.

எல்லா மெக்கானிக்கும் இப்படி என்று நான் சொல்லமாட்டேன். போடிப் பெரியவர் வண்டியைப் பார்த்ததற்குக் காசே வாங்கவில்லை. மழையில் நடுரோட்டில் படுத்துப் பல்லால் ஸ்பானரைக் கடித்துக்கொண்டு வேலை பார்க்கிறவர்களை எனக்குத் தெரியும். நீங்களும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தீர்கள் அண்ணே. பிறகு என்ன ஆயிற்று உங்களுக்கு?

உடைந்த பினியனும் கிரவுனும் என் வீட்டில்தான் இருக்கின்றன. இரும்புக்காரனுக்குப் போடவில்லை. எண்ணைப் பார்க்க வேண்டும் என்கிற யாரும் வந்து பார்க்கலாம்.

ஆனால் இப்போது இதை எழுத உட்கார்ந்தது என் வண்டிக்காக இல்லை. போன வாரம் உங்கள் பட்டறையிலிருந்து ஒரு ஜீப் வெளியே வந்தது. சின்னப் பையன் ஓட்டுகிறான், மீசை இப்போதுதான் அரும்புகிறது. டீக்கடையில் நின்ற என்னைத் தாண்டிப் போகும்போது ஆக்சிலேட்டரை மிதித்தான். எனக்குக் கை நடுங்கிவிட்டது. அதே ஊளை. கையைக் காட்டி நிறுத்திக் கேட்டேன். "கிரவுன் பினியன் புதுசாப் போட்ருக்குண்ணே, செட் ஆகிட்டிருக்கு" என்று சிரிக்கிறான். நான் சொன்னதை அவன் நம்பவில்லை. வண்டியைக் கோட்டை விட்டவன் ஏதோ பொறாமையில் சொல்கிறான் என்று நினைத்திருப்பான். நீங்கள் சொன்னால் நம்புவான்.

நாளை விடிகாலையிலும் அதில் பொம்பளைகள் ஏறுவார்கள். மேலே மழை விடவில்லை. இன்றைக்கு ராத்திரிக்குள் அவனைக் கூப்பிடுங்கள். எனக்குத் தர வேண்டியதைப் பிறகு பேசிக்கொள்வோம். முதலில் அந்த ஹவுசிங்கைத் திறங்கண்ணே.